காளியாத்தாளின் ராசியான கார்டு

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே காளியாத்தாளைத் தெரியாத காடு தோட்டம் கிடையாது. நிலக்கடலை விதைப்பென்றால் முதல் பிடி அவள் கையால்தான் விழ வேண்டும். அவள் கை போட்ட காட்டிலும் பன்றி புகுந்ததுண்டு, மழை ஏமாற்றியதுண்டு. அதையெல்லாம் யாரும் அவள் தலையில் கட்டவில்லை. கைராசிக்காரி என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் அதைக் கெடுத்துக்கொள்வது லேசான காரியமல்ல.

அந்த ராசி ஆசுபத்திரிக் கார்டுக்கும் ஒட்டிக்கொண்டதுதான் வினை. அரசு ஆசுபத்திரியில் கம்ப்யூட்டர் வைத்த புதிதில் ஆளுக்கொரு நம்பர் போட்ட கார்டு கொடுத்தார்கள். என்ன நோய், என்ன மாத்திரை, என்ன டெஸ்ட் எல்லாம் அந்த நம்பருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த தடவை போகும்போது எந்த டாக்டரும் திறந்து பார்க்கலாம். காளியாத்தாள் காய்ச்சலோடு போய் ஊரில் முதல் ஆளாகக் கார்டு வாங்கினாள். சாயங்காலமே காய்ச்சல் விட்டது. அன்றைக்கே அவள் மாடு கிடேரிக் கன்று போட்டது. போதாதா? கார்டு குங்குமப் பொட்டோடு சாமி படத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டது.

பிறகு யாருக்கு எது வந்தாலும், "அக்கா, அந்தக் கார்டைக் கொஞ்சம் குடுங்க" என்று வாசலில் வந்து நின்றார்கள். சொந்தக் கார்டுக்கு வரிசையில் காய்வதும் மிச்சம். கறிவேப்பிலை ஒடித்துக் கொடுப்பதுபோல அவளும் கொடுத்தாள். "போயிட்டு வாங்க, நல்லாயிரும்" என்று வாழ்த்து வேறு. கவுண்டரில் கார்டைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் முகத்தைப் பார்த்தார், கார்டைப் பார்க்கவில்லை. வண்டி சுகமாக ஓடியது.

காளியாத்தாளுக்கே வயிற்றுவலி வந்தபோதுதான் அச்சு முறிந்தது. பித்தப்பையில் கல். ஒரு போண்டா தின்றால் விடியவிடியச் சுருண்டு கிடக்க வேண்டும். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் சோனா கம்ப்யூட்டரைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்கு ஷுகர் உண்டு. பட்டி கடிச்சிருக்கு. நெஞ்சில அடைப்பு உண்டு. மாசமா இருக்கீங்க. போதாததுக்கு ப்ராஸ்டேட் வீக்கம்!" என்றார், மலையாளம் கலந்த தமிழில்.

"கடைசியா சொன்னது என்னதுங்க டாக்டரம்மா?"

"அது ஆம்பளைங்களுக்கு மட்டும் வர்றது."

"அப்ப அது நம்ம சென்னிமலையண்ணனுதுங்க" என்றாள் காளியாத்தாள், வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி. "நாய் கடிச்சது குப்பண்ணனை. மாசமா இருக்கறது கிருத்திகா. சக்கரை பழனிச்சாமியண்ணனுது. அந்த நெஞ்சடைப்புத்தான் ஆருதுன்னு தெரியலைங்க."

கூட வந்திருந்த புருஷன் பொங்கியண்ணன் பையை மடியில் வைத்துக்கொண்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "இதை நம்பி உங்களுக்கு மருந்து கொடுத்தா நீங்க எழுந்திருக்க மாட்டீங்க. இதை நம்பாம விட்டா அவங்க கதி என்ன? அவங்கவங்க வந்து அவங்கவங்க நோயை மாத்திக்கட்டும். அதுவரைக்கும் ஆபரேஷன் இல்லை."

ஊருக்குத் திரும்பியவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். நோயைக் கொடுக்கும்போது ஓடி வந்தவர்கள், திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னால் ஒருவரும் சிக்கவில்லை. கோயில் விருந்தில் பாயசத்தைச் சொம்போடு குடிக்கிற பழனிச்சாமி, "எனக்கா? சக்கரையா? கரும்பைக் கடிச்சுத் திங்கற வாயி இது!" என்று பல்லைக் காட்டினார். சென்னிமலை வீட்டுக்குள்ளிருந்து, "ஊட்டுல இல்லீன்னு சொல்லு" என்று அவர் குரலே வந்தது.

அப்போது பார்த்து வலி பிடுங்கியது. இத்தனை நாள் கொடுத்த கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பிள்ளையார் கோயில் முக்கில் நின்று கத்தினாள்.

"எல்லாருங் கேட்டுக்கங்க! அவியவிய நோவை அவியவிய வந்து வாங்கிக்கலீன்னா, இந்தப் பட்டத்துக்கு ஒருத்தரு காட்டுலயும் எங்கையி வெதை போடாது!"

மறுநாள் காலை காளியாத்தாளோடும் பொங்கியண்ணனோடும் ஒரு ஜீப் நிறைய நோயாளிகள் ஆசுபத்திரியில் வந்து இறங்கினார்கள்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த ஆர்த்தி என்ற பெண் ஏலம் கூறுவதுபோல ஒவ்வொன்றாக வாசித்தாள். "சக்கரை?" என்றதும் பழனிச்சாமி ஒற்றை விரலைத் தூக்கி, "லேசாத்தானுங்க" என்றார்.

"லேசா இல்லீங்க, நெறையவே இருக்குது."

ஒவ்வொருவராகக் குனிந்த தலையோடு வந்து புதுக் கார்டு வாங்கிப் போனார்கள். கடைசியில் ஒன்று மிஞ்சியது.

"நெஞ்சடைப்பு. ஈசிஜி எடுத்திருக்குது. ஒடனே பெரிய ஆசுபத்திரிக்குப் போகோணும்னு எழுதியிருக்குது. போன மாதிரித் தெரியலை. இது ஆருதுங்க?"

"சத்தியமா என்னுது இல்லீங்க" என்று பழனிச்சாமி முந்திக்கொண்டார். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த பொங்கியண்ணன் மெல்ல எழுந்தார்.

"அது... என்னுதுங்க."

காளியாத்தாளுக்கு வயிற்றுவலி மறந்துவிட்டது. "ஏனுங்க, புண்ணாக்கு வாங்கப் போறேன்னு போனீங்களே, அன்னைக்கா?"

"புண்ணாக்கும் வாங்கிட்டுத்தான வந்தேன்?"

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"உனக்கே ஆபரேசன்னு சொல்லீட்டாங்க. இதுல இது வேற எதுக்குன்னுதான்..."

அவள் அங்கேயே, அத்தனை பேர் பார்க்க, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்டு வந்த டாக்டர் சோனா விஷயத்தைக் கேட்டதும் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். காளியாத்தாளின் கல் காத்திருக்கலாம், இவர் இப்போதே கிளம்ப வேண்டும்.

ஆர்த்தி அவசரமாக அவருக்கும் ஒரு கார்டு போட்டாள். பொங்கியண்ணன் அதை வாங்கவில்லை. "அம்மிணி, அவ கார்டுலயே இருக்கட்டுமே. ராசியான கார்டு."

எல்லோரும் சிரித்தார்கள். காளியாத்தாள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தாள்.

"அதை எங்கையில குடு, அம்மிணி. மொதல்ல நான் வாங்கறேன்."

ஊரார் காட்டில் எத்தனையோ பட்டம் விதை போட்ட கை அது. இன்றைக்கு முதல் பிடி விதைபோல அந்தக் கார்டை வாங்கி அவர் சட்டைப் பையில் போட்டது.