அம்மருட் மலருக்கு ஒரு படம்

காலை ஒன்பது நாற்பது. கதவு திறந்ததும் முதலில் கண்டது மேசை முழுவதும் பரப்பியிருந்த புகைப்படங்களை. ஏழாம் மாடி அக்கா வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. நான்கரைக்குத் தொடங்கும் அலுவலகத் துப்புரவு முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். நான் முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து நேராக அங்கே போயிருந்தேன்.

அது 2006. நோர்வேயின் அம்மருட்டில் எங்கள் அடுக்குமாடிக்கு நாற்பது வயதாகிறது என்று குடியிருப்போர் சங்கம் ஒரு மலர் வெளியிட இருந்தது. ஊரில் பத்திரிகையில் இருந்தவன் என்பதால் தமிழ்க் குடும்பங்களைப் பற்றிய பக்கம் என் தலையில் விழுந்தது. அதற்குப் பழைய படம் ஒன்று வேண்டும். எங்களில் முதலில் இங்கே குடிவந்தவர் அக்காவின் கணவர். அவர் இறந்து இரண்டு வருடம்.

"பதினேழு வருஷம் இந்தக் கட்டடத்திலை இருந்த மனுசன், தம்பி. புத்தகத்திலை ஒரு மூலையிலையாவது நிக்க வேண்டாமோ?"

படங்கள் நூறுக்கு மேல் இருந்தன. எல்லாம் ஊருக்கு அனுப்புவதற்காக எடுத்தவை. அரண்மனைக்கு முன்னால் நிற்கிறார். துறைமுகத்தில் டென்மார்க் கப்பலுக்கு முன்னால் நிற்கிறார். யாருடையதோ சிவப்புக் காரில் சாய்ந்து நிற்கிறார். எங்கள் கட்டடம் ஒன்றிலும் இல்லை.

"இஞ்சை ஒண்டும் எடுக்கேல்லையோ அக்கா?"

"எடுக்க விட்டால்தானே. பெட்டி அடுக்கின மாதிரிக் கிடக்கு, இதை அனுப்பினால் வெளிநாடெண்டு ஆர் நம்புவினம் எண்டு சொல்லுவார்."

சங்கம் தந்த படமொன்று என் பையில் இருந்தது. டுக்னாட் நாளில் எடுத்தது. வசந்தத்தில் குடியிருப்பவர்கள் கூடி முற்றத்தைத் துப்புரவாக்கும் சிரமதானம் அது. ஐந்து பேர் சருகு வாருகிறார்கள். ஒருவர் முதுகைக் காட்டி நிற்கிறார். அக்கா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார்.

"இது அவர்தான்."

பின்புறம் பென்சிலால் ஆண்டு எழுதியிருந்தது. அவர் நோர்வேக்கு வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. திருப்பிக் காட்டினேன்.

"அவருக்கும் தோள் இப்பிடித்தான் ஒரு பக்கம் சரிஞ்சிருக்கும். முதுகைப் பாத்து ஆர் தம்பி வந்து விசாரிக்கப் போயினம்?"

"பேர் போட ஏலாது அக்கா."

"பேப்பர்க்காரர் நீங்கள் பொய்யே எழுதினதில்லையாக்கும்."

எழுதியிருக்கிறோம். அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன். பின்னேர வேலைக்கு முன் நித்திரை கொள்ள நாலு மணித்தியாலம்தான் இருந்தது.

மலர் ஜூனில் வந்தது. படத்தின் கீழ் 'குடியிருப்பாளர்கள், வசந்தகாலத் துப்புரவு' என்று மட்டும் போட்டிருந்தேன். அக்கா மூன்று பிரதிகள் வாங்கினார். மூன்றிலும் அந்த முதுகின் கீழ் பேனாவால் கணவரின் பெயரை எழுதி, இரண்டைக் கனடாவுக்கும் ஒன்றை யாழ்ப்பாணத்துக்கும் தபாலில் அனுப்பினார்.