ஷெரினுக்கு வந்த சத்துமாவு

பொன்னுராஜுக்குக் காது கொஞ்சம் மந்தம். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடம் ஒன்றில் இருபத்தாறு வருஷமாக ஃபிட்டர் வேலை. தறிச் சத்தத்தில் காது போனதோடு பேச்சும் உரத்துப்போய்விட்டது. ரகசியம் பேச முயன்றாலும் தெருக்கோடி வரை கேட்கும். அதனால் நாலு பேர் கூடும் இடத்தில் அவர் வாயைத் திறப்பதில்லை. ஊரான சோழபுரத்தில் கிராமசபை நடந்தால் போவார், கடைசி வரிசையில் உட்காருவார், நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார்.

அவருடைய ஒரே மகள் ஷெரினுக்குப் பதினேழு வயது. ஜூன் மாதம் பிளஸ் டூ வகுப்பு தொடங்கிய இரண்டாம் வாரம் பள்ளியில் மயங்கி விழுந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்துப் பார்த்தபோது கர்ப்பம் ஆறு மாதம் முடிந்திருந்தது. தளர்ந்த சுடிதாரும் குனிந்த தலையுமாக அத்தனை நாள் மறைத்திருக்கிறாள். காரணமானவன் பக்கத்து ஊர் மில்லில் வேலை பார்த்த இருபது வயதுப் பையன். பதினெட்டு நிரம்பாத பிள்ளை என்பதால் டாக்டர் சட்டப்படி போலீசுக்குத் தகவல் சொன்னார். பையன்மேல் வழக்கு பதிவானது. விருதுநகரில் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால், "அரசு இல்லத்தில் தங்குகிறாயா, வீட்டுக்குப் போகிறாயா?" என்று கேட்டார்கள். "வீட்டுக்கு" என்றாள் ஷெரின். பொன்னுராஜ் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்தார். ஆனால் வழியில் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினொன்றாவது இருக்க வேண்டிய பிள்ளையின் ரத்த அளவு ஏழு புள்ளி எட்டுதான் இருக்கிறது, இந்த வயதில், இந்த உடம்போடு பிரசவம் என்றால் ஆபத்து, நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மறுநாளே அங்கன்வாடிப் பணியாளர் இசக்கியம்மாள் சத்துமாவுப் பொட்டலங்களோடு வந்து நின்றார். பொன்னுராஜ் வாசலுக்கு வந்து, "வேண்டாம்" என்றார். அவர் மனைவி ஜாஸ்மின் பின்னால் வந்து குரலைத் தணித்தாள்.

"கோவிச்சுக்காதீக அக்கா. வாங்குனா ஊரு பேசும்னு அவிய நினைக்காக."

"ஏட்டி ஜாஸ்மின், ஊருக்கா ரத்தம் குறைஞ்சிருக்கு?" என்றார் இசக்கியம்மாள். பொட்டலங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். மூன்று முறையும் பொன்னுராஜ் திருப்பி அனுப்பினார்.

உள்ளே ஷெரின் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். ஜாஸ்மின் தட்டில் வைத்ததை அப்படியே மிச்சம் வைப்பாள். இரும்புச்சத்து மாத்திரைகளை அவள் விழுங்குவதே இல்லை என்பதும், தலையணைக்கடியில் போட்டு வைத்திருந்தாள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அப்பா முகம் கொடுக்காத வீட்டில் எதற்காக விழுங்க வேண்டும் என்று நினைத்தாளாம்.

நாலாவது வாரச் சோதனையில் ரத்தம் ஏழுக்கு இறங்கியிருந்தது. டாக்டரம்மா தாளில் அந்த எண்ணை எழுதி, வட்டம் போட்டு, பொன்னுராஜ் பக்கம் தள்ளினார். அவருக்குக் காது கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வெளியே வந்து நேராக அங்கன்வாடிக்குப் போனார். பிள்ளைகள் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். அவர் போட்ட சத்தத்தில் நாலைந்து பேர் எழுந்து அழத் தொடங்கினார்கள்.

"அந்த மாவு இருக்கா மைனி?"

இசக்கியம்மாள் பொட்டலங்களை எடுத்து அவருடைய சாப்பாட்டுப் பையில் வைத்தார். அன்று சாயங்காலம் பொன்னுராஜே அந்த மாவை வெல்லம் போட்டுக் கிண்டி, உருட்டி, மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். "தின்னு தாயி" என்றார். ஷெரின் அழுதுகொண்டே தின்றாள். மறுவாரத்திலிருந்து இரும்புச்சத்து ஊசியும் போட்டார்கள்.

ஆகஸ்டு பதினைந்தாம் தேதி கிராமசபை. கொடியேற்றி முடித்து, குடிநீர்த் தொட்டி பற்றிப் பேசிவிட்டு, வேறு ஏதாவது உண்டா என்று தலைவர் கேட்டார். உரக்கடை சங்கிலிப்பாண்டி மைக்கை வாங்கினார். மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பன் அவர். யாரையும் கெடுத்துப் பேசும் ஆளில்லை.

"பேரு எதுவும் சொல்ல விரும்பல. கல்யாணம் காச்சி இல்லாம, வயசுக்கு மீறி வயித்துல வாங்கிட்டு வர்ற பிள்ளைகளுக்கு அரசாங்கச் சாமான வீட்டுக்கே கொண்டுபோய்க் குடுத்தா, அது சரின்னு சொல்ற மாதிரி ஆகாதா? எங்க வீட்டுலயும் பிள்ளைக பாத்துக்கிட்டுத்தான இருக்கு? பிரசவத்துக்குக் குடுக்குற பணத்துக்கு அரசாங்கமே வயசு வரம்பு வச்சிருக்குல்லா? மாவுக்கும் வைக்கட்டும். இத ஒரு தீர்மானமா எழுதணும்."

சிலர் கை தட்டினார்கள். ஒரு பெண், "வயித்துல இருக்கது என்ன பாவம் செஞ்சுது?" என்று கேட்டாள். "அப்போ எல்லாரும் இப்படியே வரட்டும்னு சொல்லுதியா?" என்று இன்னொருவர் அவளை மடக்கினார். மாவுக்கு வயது பார்க்கக் கூடாது என்று இசக்கியம்மாள் எழுந்து சொன்னது கூச்சலில் அமுங்கிப்போயிற்று.

தெருவில் இரண்டு மாதமாக நடந்த பேச்செல்லாம் பொன்னுராஜின் காதில் விழாமலே இருந்தது. மைக்கில் வந்தது விழுந்துவிட்டது. எழுந்து நின்றார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

"அது எம் மகதான்" என்றார்.

முன்வரிசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சங்கிலி சொல்லுதது எனக்கும் தோணுச்சு. மூணு வாரம் நானே அந்த மாவ வாசலோட திருப்பி அனுப்புனேன். அந்த மூணு வாரத்துல அவ ஒண்ணும் திருந்திரல. ரத்தந்தான் இன்னும் இறங்குச்சு. எம் மக செஞ்சது சரின்னு நான் சொல்லல. அவகிட்ட கேட்டா அவளும் சொல்ல மாட்டா. கேசு நடக்குது, அத கோர்ட்டு பாத்துக்கிடும். அவளுக்கு மாவ நிறுத்துனா உங்க பிள்ளைகளுக்கு நல்ல புத்தி வந்துரும்னா சொல்லுங்க, நாளைக்கே நிறுத்திருதேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சங்கிலிப்பாண்டி மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே, "நான் பொதுவாத்தாம்ணே சொன்னேன்" என்றார். தலைவர் அடுத்து தெருவிளக்கு பற்றிப் பேசலாம் என்றார். தீர்மானம் எழுதப்படவில்லை.

செப்டம்பர் நடுவில் ஷெரினை ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையில் முன்கூட்டியே சேர்த்தார்கள். அதற்குள் ரத்தம் பத்தைத் தொட்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் வலி எடுத்தது. பொன்னுராஜ் வராந்தாவில் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குழந்தை அழுதது அவருக்குக் கேட்கவில்லை. நர்ஸ் வெளியே வந்து ஏதோ சொன்னார், அதுவும் கேட்கவில்லை. ஜாஸ்மின் அவர் தோளைப் பிடித்துக் காதோடு வாயை வைத்துச் சொன்னாள்.

"பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காக."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

இரண்டு கிலோ அறுநூறு எடை. ஷெரின் வெளுத்துப்போய்க் கிடந்தாள். ஆனாலும் அப்பாவைப் பார்த்ததும், "பசிக்குப்பா" என்றாள். அவர் ஓடிப்போய் இட்லி வாங்கி வந்தார். மத்தியானம் மாற்றுத்துணி எடுத்துவர ஊருக்குப் பஸ் ஏறியவர், சன்னலோரம் உட்கார்ந்த கையோடு தூங்கிவிட்டார். மூன்று மாதமாகக் கண்ணோடு கண் மூடாத மனுஷர். ராஜபாளையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

ஒரு வாரம் கழித்துச் சங்கிலிப்பாண்டி உரக்கடை வாசலில் அவரை நிறுத்தினார்.

"பிள்ள எம்புட்டு எடைண்ணே?"

"ரெண்டு அறுநூறு."

"தேவலயே." கொஞ்சம் தயங்கிவிட்டு, "எங் கருத்து அதேதாம்ணே. பாத்துக்கிடுங்க" என்றார்.

"இருக்கட்டும்" என்றார் பொன்னுராஜ். அவருக்குக் கோபம் வரவில்லை. மீன் வாங்கப் போய்க்கொண்டிருந்தார். பால் சுரக்கட்டும் என்று பால்சுறா வாங்கிவரச் சொல்லியிருந்தாள் ஜாஸ்மின், வெயில் ஏறிவிட்டால் நல்லதாகக் கிடைக்காது.

தனித்தேர்வராகப் பரீட்சை எழுத விண்ணப்பம் எப்போது கொடுக்க வேண்டும் என்று ஷெரின் பள்ளிக்கூடத்தில் கேட்டு வைத்திருக்கிறாள். புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்கிறாள், இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் குழந்தை எழுந்துவிடுகிறது. அப்போது பொன்னுராஜ் வாங்கித் தோளில் போட்டுக்கொள்கிறார். அவர் கொஞ்சுவது தெரு முழுக்கக் கேட்கிறது.