ஆரணியில் இரண்டாவது தும்மல்

1997, மாசி மாதம். தங்கை மாலதியின் முகூர்த்தப் புடவைக்காகச் சென்னை பாரிமுனையில் காலை ஆறேகாலுக்கு ஆரணி பஸ் ஏறினோம். டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். அப்பா இல்லாத வீட்டில் மூத்தவன் என்பதால் துணைக்கு நான். புடவை எடுத்துத் தருவது மாப்பிள்ளை வீட்டார். நாங்கள் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பத்தரைக்குக் கமண்டல நாக நதிப் பாலம். ஆற்றில் தண்ணீருக்குப் பதில் சீமைக்கருவேலம். மரம் முழுக்கப் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி மஞ்சள் பூக்கதிர்கள். அழகுதான். ஆனால் அதன் மகரந்தம் எனக்கு ஆகவே ஆகாது என்று டாக்டர் கையில் ஊசியால் குத்திப் பார்த்துச் சொல்லியிருந்தார். மாத்திரை போட்டால் சம்பந்தியம்மாள் முன்னால் தூங்கி வழிவேனே என்று போடாமல் வந்திருந்தேன். என் புத்திசாலித்தனம் அப்படி!

பதினொரு மணி. வேலூரிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மாளோடு நெசவாளர் ஏகாம்பரம் வீட்டில் உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டு விசைத்தறி காதைப் பிளந்தது. பத்தாவதாக விரித்த அரக்குப் புடவையை மாலதி தொட்டாள். தொட்ட கையை எடுக்கவில்லை. எதையும் வாய்விட்டுக் கேட்காத பெண் அவள்.

“இதையே எடுத்துக்கலாமா?” என்றார் சம்பந்தியம்மாள்.

நான் தும்மினேன். ஒரே ஒரு தும்மல்.

விரித்த புடவையை ஏகாம்பரம் மெல்ல மடிக்கத் தொடங்கினார். “ஒத்தத் தும்மல் ஆயிடுச்சிங்க. வேற காட்டட்டுங்களா?”

மாலதி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. “சகுனம் இல்லைங்க, சீமைக்கருவேலம்பூ எனக்கு ஒத்துக்காது!” என்று உளறினேன்.

சம்பந்தியம்மாள் மாலதியை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து கொல்லைப்பக்கம் போனார். கோபித்துக்கொண்டாரோ என்று நான் பதற, பூவோடு ஒரு முள்கிளையை ஒடித்துக்கொண்டு வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“மோந்து பாருங்க தம்பி, ஜல்தி! ரெட்டையா வந்துட்டா ஒண்ணும் தோஷம் இல்ல. பொண்ணு ஆசையா புடிச்சிகினு இருக்குதில்ல?”

தும்மினேன்.

“ரெண்டு! போதும், நிறுத்துங்க!” என்று கிளையை வெளியே வீசினார். மூன்றாவதை மூக்கைப் பொத்தி, விழி பிதுங்க விழுங்கினேன். ஏகாம்பரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு புடவையைப் பெட்டியில் வைத்தார். நாலாயிரத்து முந்நூறு ரூபாய்.

இரண்டரைக்குச் சம்பந்தியம்மாள் ஏறிய வேலூர் பஸ் கூட்டத்தோடு கிளம்பிப் போனது. எங்கள் பஸ் கிளம்பியதும் நான் அடக்கிவைத்த தும்மலையெல்லாம் வட்டியோடு தும்மித் தீர்த்தேன். எங்கள் சென்னையில் சீமைக்கருவேலத்தைக் கண்டாலே தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போகிறவன் நான். அன்று பாலத்தைக் கடக்கும்போதுகூட ஜன்னலைச் சாத்த மனம் வரவில்லை.

காலையிலிருந்து சம்பந்தியம்மாளை ‘அவங்க’ என்றே சொல்லிக்கொண்டிருந்த மாலதி, ஆற்காடு தாண்டியதும் என்னைத் தொட்டுக் கேட்டாள்:

“ஏண்ணா, அத்தைக்கு உட்கார இடம் கிடைச்சிருக்குமா?”