கோசுக்கு மேல் சோறு

என் பெரியப்பா சாப்பிடுவதைப் பார்க்க ஆட்கள் கூடுவார்கள். கல்யாணமோ காதுகுத்தோ, அவர் பந்தியில் உட்கார்ந்துவிட்டால் பரிமாறுகிறவர்கள் அன்னக்கூடையையே அவர் இலைக்கு எதிரில் கொண்டுவந்து வைத்துக்கொள்வார்கள். நடந்து நடந்து கால் வலிக்க வேண்டாமே என்பதற்காக. மூன்றாவது முறை சோறு விழும்போது பக்கத்து இலைக்காரர்கள் தங்கள் சாப்பாட்டை மறந்து அவரைப் பார்ப்பார்கள். ரசத்துக்கு அவர் கட்டும் கரையை ஒரு சொட்டு தாண்டியதில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. உலகத்தில் அவரைவிடப் பெரிய ஆள் இருப்பதாக நான் நம்பவில்லை.

அந்தச் சாப்பாட்டுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. ரெட்டிபாளையம் சிமெண்டு ஆலையில் அவர் லோடுமேனாக இருந்தவர். காலையிலிருந்து பொழுது சாயும்வரை சிமெண்டு மூட்டையை முதுகில் ஏற்றி லாரியில் அடுக்குவார். வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெளுத்திருக்கும். அந்த உடம்பு கேட்ட சோறு அது. பிறகு அவரை கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, வருகிற லாரிகளின் நம்பரை எழுதச் சொல்லிவிட்டார்கள். மூட்டை தூக்குவது நின்றது. சோறு நிற்கவில்லை. ஒரு பேனாவைத் தூக்க அவ்வளவு சோறு வேண்டாம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றாததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒருவர் சதை போட்டால், "நல்லா இருக்கீங்க" என்பார்கள். இளைத்தால் வீட்டில் ஏதோ கெட்டது நடந்த மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னங்க, இப்படி ஆயிட்டீங்க" என்பார்கள். நானும் அந்தக் கணக்கில் நன்றாகவே இருந்தேன். ஒரே வருஷத்தில் என் பள்ளிக்கூடப் பாவாடையின் தையலை இரண்டு முறை பிரித்து விட்டாள் அம்மா. பெரியப்பாவின் வாரிசு என்று என் கன்னத்தைக் கிள்ளுவார்கள். எந்தப் பந்தியிலும் அவருக்கு இடது பக்கத்து இலை என்னுடையது. வேறு யாராவது அதில் உட்கார்ந்தால் அழுது எழுப்பிவிடுவேன்.

அவர் படியில் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு காலாக இறங்குவார். பெரிய மனிதர்கள் அப்படித்தான் இறங்குவார்கள் போலிருக்கிறது என்று நானும் பள்ளிக்கூடப் படியில் அப்படி இறங்கிப் பார்த்திருக்கிறேன். அது மூட்டு வலி. திருச்சி டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு ஆபரேஷன்தான் வழி என்றிருக்கிறார். ஆனால் உடம்பு குறைய வேண்டும், சர்க்கரை இறங்க வேண்டும், அதற்குமுன் கத்தியைத் தொட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். மூன்று மாதம் கழித்து வந்து வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொல்லி ஒரு தேதி கொடுத்தார். அதில் தேறாவிட்டால் ஆபரேஷன் அடுத்த வருஷத்துக்குப் போகும். அதுவரை நடக்க முடியுமா என்பது அவருக்கே சந்தேகமாக இருந்த நேரம்.

இந்த விவரம் பெரியம்மாவுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். எனக்கே பல வருஷம் கழித்து அவர்கள் மகள், என் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. பெரியப்பா யாரிடமும் சொல்லக் கூடாது என்றிருக்கிறார். "சோத்தக் கொறைச்சுட்டான்னு தெரிஞ்சா ஆளு முடிஞ்சான்னு பேசிருவானுவ" என்பது அவர் பயம். ஊரில் அவருக்கு இருந்த பெயர் அது ஒன்றுதான், பாவம். அதையும் விட்டுக்கொடுக்க மனசில்லை.

அவர் பெயரையும் காப்பாற்றி முழங்காலையும் காப்பாற்ற வேண்டிய வேலை பெரியம்மா தலையில் விழுந்தது. ஒல்லியான மனுஷி அவள். பேச்சும் கொஞ்சம்தான். அவருடைய பெரிய தட்டை அவள் மாற்றவில்லை. தட்டு நிறைய கீரையும் அவரைக்காயும் பூசணியும் போட்டு, ஓரத்தில் சோற்றை வைத்தாள். அவர் தனியாக அதைச் சாப்பிட்டால் மனசு சுணங்கிப்போவார் என்று அவளும் மூன்று மாதம் அதையே சாப்பிட்டாள். யாராவது எட்டிப் பார்த்துக் கேட்டால், இந்த வருஷம் தோட்டத்தில் காய் கொட்டிக் கிடக்கிறது, வீணாய்ப் போகுது என்பாள். அவர்களுக்கு இருந்த தோட்டம் நாலு வெண்டைச் செடியும் ஒரு முருங்கையும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. கடைசியில் என் தம்பியின் காதுகுத்து வந்தது. டாக்டர் கொடுத்த தேதிக்கு முதல் நாள்.

கொள்ளிடக் கரையில், திருமழபாடிக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வம். கிடா வெட்டு, மதியம் கறிச்சோறு. எங்கள் வகையறாவில் காதுகுத்துப் பந்திக்கு ஒரு முறை உண்டு. அப்பா வீட்டில் மூத்தவரும் பிள்ளையின் தாய்மாமனும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வேண்டும். அவர்கள் இருவரும் எழுந்தால்தான் மற்றவர்கள் எழலாம். இருவரில் யார் முதலில் இலையை மூடுகிறாரோ அவரை அடுத்த விசேஷம் வரைக்கும் ஓட்டுவார்கள். என் மாமா மீன்சுருட்டிக்காரர். ஆள் கம்பு மாதிரி இருப்பார், சோறு எங்கே போகிறது என்றே தெரியாது. என் காதுகுத்தில் பெரியப்பாவிடம் தோற்றவர். எட்டு வருஷமாக வஞ்சத்தை வயிற்றில் வைத்திருந்தார்.

முதல் நாளே பெரியம்மா சமையல்காரரிடம் முட்டைக்கோஸ் பொரியல் நிறைய வேண்டும் என்று சொல்லியிருந்தாள். "கறிச்சோத்துக்குப் போயி கோசாங்க?" என்று அவர் சிரித்தார். விரதக்காரங்க நாலு பேரு வராங்க என்றாள் பெரியம்மா. கிடா வெட்டுக்கு விரதக்காரர்கள் எதற்கு வருகிறார்கள் என்று அவர் மேலே கேட்கவில்லை. பந்தி போட்டதும் எங்கள் வரிசைக்கு நான்தான் பரிமாறுவேன் என்று வாளியையும் கரண்டியையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததை இப்போது நினைத்தாலும் எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருக்கிறது. பெரியப்பா இலையின் நடுவில் பொரியலைக் குவித்தாள். முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து மறைத்துக்கொண்டு, அதன் மேல் ஒரு கரண்டி சோற்றைப் பரப்பிக் கரண்டியின் முதுகால் தட்டிவிட்டாள். உச்சியில் ஒரு குழி. குழியில் குழம்பு. தூரத்திலிருந்து பார்த்தால் வழக்கமான மலை. கறி வந்தபோது சதையில்லாத எலும்பாகப் பொறுக்கிப் பொறுக்கி வைத்தாள். எங்கள் பந்தியில் இலை ஓரத்து எலும்புதான் மார்க்கு. மீன்சுருட்டிப் பையன்கள் தலையை நீட்டி எண்ணிப் பார்த்து மாமாவிடம் கவலையோடு சொன்னார்கள். மாமா வேட்டியைத் தளர்த்திக்கொண்டார்.

பெரியப்பா மலையை உடைத்துப் பிசைந்தார். அப்போதுதான் நான் பார்த்தேன். சோற்றுக்கு அடியில் கோசு. என் இலையைப் பார்த்தேன், முழுக்கச் சோறு. மாமா இலையிலும் முழுக்கச் சோறு. இரண்டாவது தடவையும் பெரியம்மா குனிந்து மறைத்துக்கொண்டு அதையே செய்தாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. பெரியம்மா பிறந்த ஊர் மீன்சுருட்டி. தன் ஊர்க்காரர் ஜெயிக்க வேண்டும் என்று என் பெரியப்பாவுக்குச் சோற்றில் மோசம் செய்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். இலையை விட்டு எழுந்து நின்று, பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "பெரியம்மா எல்லாருக்கும் சோறு போடுறாங்க. பெரியப்பாவுக்கு மட்டும் கோசப் போட்டு மேல சோத்த வச்சு மூடுறாங்க."

பந்தி அப்படியே நின்றது. மாமா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னக்கா, கட்டுன மனுசனுக்கே கோசப் போட்டு மூடுறீங்க?" கேலிதான். ஆனால் வரிசைக் கடைசியில் இருந்த என் அத்தை கேலி செய்யவில்லை. "சோத்துலயா அளவு பாப்பாங்க" என்று இலையைப் பார்த்தபடி சொன்னாள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பற்றி அதைவிட மோசமாகச் சொல்ல எதுவும் இல்லை. பெரியம்மாவின் முகம் வெளுத்ததைப் பார்த்து, மாட்டிக்கொண்டாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பெரியப்பா உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் பெயர் போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள், அவளைக் காப்பாற்றப் பேசுகிறார் என்றிருப்பார்கள். அவர் கோசை ஓரமாக ஒதுக்கினார். "கோசு நாந்தான் கேட்டேன். இந்தா, இப்ப சோத்தப் போடு" என்றார். பெரியம்மா அசையவில்லை. மாமாவே எட்டி அன்னக்கூடையை இழுத்து நாலு கரண்டி போட்டார். குழம்பு ஊற்றினார். பெரியப்பா குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். அவள் சோற்றில் அளவு பார்க்கிறவள் இல்லை என்று காட்ட அவருக்கு அந்த மலை முழுவதையும் தின்ன வேண்டியிருந்தது. நான் நீதியை நிலைநாட்டிய திருப்தியோடு உட்கார்ந்து அப்பளத்தைக் கடித்தேன்.

நாலைந்து கவளம் போயிருக்கும். பெரியம்மா வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள். "தள்ளிக்கங்க, எனக்குப் பசிக்குது" என்று சொல்லி அவர் இலையில் கையை வைத்தாள்.

புருஷன் எழுந்த பிறகு அந்த இலையில் சாப்பிடுகிற பெண்கள் எங்கள் ஊரில் உண்டு. ஆனால் பரிமாற நின்றவள், விருந்தாளிகள் பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போது, தாய்மாமன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, பந்தியில் புகுந்து புருஷன் இலையிலேயே அள்ளித் தின்று யாரும் பார்த்ததில்லை. அவள் தலை நிமிரவே இல்லை. அவர் ஒரு வாய் எடுத்தால் அவள் மூன்று வாய் எடுத்தாள். பெரியப்பாவின் கை மெதுவாகி, அப்புறம் நின்றே போயிற்று. பந்தியில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். மலை முழுவதும் அந்தச் சின்ன உடம்புக்குள் போய்ச் சேர்ந்தது. பெரியப்பா இலையை மூடினார். ஒரு இலையை இரண்டு பேர் தின்றதால் ஜெயித்தது யார் என்று சொல்ல முடியாமல், மாமாவும் முறைத்துக்கொண்டே மூடினார்.

மறுநாள் திருச்சியில் ரத்தம் கொடுத்தார். டாக்டர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அடுத்த மாதம் ஒரு மூட்டுக்கு ஆபரேஷன், அடுத்த வருஷம் இன்னொன்றுக்கு. இன்று பெரியப்பா டீக்கடைக்கு நடந்தே போய்ச் சர்க்கரை இல்லாத டீயைக் குறை சொல்லிக்கொண்டே குடிக்கிறார். வளர்ந்த பிறகு என் உடம்பை நான் சரிசெய்துகொண்டதும் காயை முதலில் போடு என்கிற அந்த வழியில்தான். நான் அதைச் சோற்றால் மூடி மறைப்பதில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். பெரியம்மாவின் பெயர் மட்டும் பந்தியில் பாய்ந்தவள் என்று நின்றுவிட்டது. எந்த விசேஷத்துக்குப் போனாலும், "அக்காவுக்கு மொதல்ல எலையப் போடுங்கடா, நம்ம சோத்துல கை வச்சுரப் போவுது" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஒரு நாளும் அவள் காரணத்தைச் சொன்னதில்லை. இவ்வளவு பெரிய மனுஷியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அன்று ஊர் திரும்பிய கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எல்லோரும் குட்டியானை லோடு வண்டியின் பின்னால் நெருக்கி உட்கார்ந்து வந்தோம். பெரியப்பாவை அதில் ஏற்றுவதற்கே அப்பாவும் இன்னொருவரும் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. நான் பெரியம்மாவிடம் பேசவில்லை. பாதி வழியில் அவள் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு புளியமரத்துக்குப் பின்னால் ஓடினாள். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. மூன்று மாதம் கீரையைத் தின்ற வயிறு. யாரோ மறுபடியும் சிரித்தார்கள். நல்லா வேணும் என்று நான் மனசுக்குள் சொன்னேன்.

அப்போது பெரியப்பா எழுந்தார். யாரையும் கூப்பிடவில்லை. தண்ணீர் பாட்டிலை இடுக்கிக்கொண்டு, வண்டியின் விளிம்பைப் பிடித்து, பல்லைக் கடித்தபடி தானாகவே கீழே இறங்கினார். சாய்ந்து சாய்ந்து மரத்துக்குப் போய் ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டார். "இந்தா புள்ள, தண்ணி" என்பது மட்டும் எனக்குக் கேட்டது. பிறகு இருவரும் அங்கேயே வெகுநேரம் நின்றார்கள். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தும் வரவில்லை.

நான் வண்டியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நல்ல மனிதர் என் பெரியப்பா, தன் சோற்றைப் பிடுங்கித் தின்றவளுக்குக்கூடத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.