சத்தமில்லாமல் பழகிய கித்தார்

அந்தக் கித்தார் அண்ணனுடையது. வாங்கிய ஒரு மாதத்தில் அலுத்துப்போய், மலாக்காவில் காஜா பேராங் தெருவிலிருந்த எங்கள் வீட்டில் அலமாரிக்கு மேல் போட்டுவிட்டுச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். தூசி தட்டி எடுத்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் வந்து நியாயம் பேச வேண்டாம்.

எதிர்வீட்டு மலாக்கா செட்டிக் குடும்பத்து அக்கா ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார். சாமி கும்பிடுவது நம்மைப் போல, பேச்செல்லாம் மலாய். மெர்டேக்கா, அதுதான் சுதந்திர நாள், வருகிறது, தெருமுனையில் மேடை போடுகிறார்கள், வயலினுக்கும் மேளத்துக்கும் ஆள் இருக்கிறது, கித்தாருக்குத்தான் இல்லை என்றார். நான் வருகிறேன் என்று என் வாய் முந்திக்கொண்டது. அந்த மேடையில் ஒரு நாற்காலி, அதில் நான். அந்த வருடம் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அக்கா எட்டுப் பாட்டு கொடுத்தார். நானும் பேராசை பிடித்து எட்டையும் ஒரே மூச்சில் உருட்டினேன். ஆள்காட்டி விரலைப் படுக்கப்போட்டு ஆறு கம்பியையும் ஒருசேர அழுத்தும் பிடி ஒன்று எல்லாப் பாட்டிலும் வந்து தொலைத்தது. அங்கே போனதும் 'டொக்' என்று கம்பி செத்துவிடும். அதை விட்டுவிட்டு அடுத்த பாட்டுக்கு ஓடுவேன். அதிலும் அதே டொக். விரல் நுனியெல்லாம் கொப்புளம். இன்னும் இத்தனை இருக்கிறதே என்று நினைத்தாலே மூச்சு முட்டும். கித்தாரைக் கட்டிலில் எறிந்துவிட்டு அழுத நாட்கள் உண்டு.

அப்பா நகராட்சியில் தண்ணீர்க்குழாய் வேலை பார்த்தவர். வேலை விட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே கிண்டல் செய்வார்.

"ஏம்மா, ஒரு பாட்டையாச்சும் கடைசி வரைக்கும் கொண்டு போயேன். முடிவு தெரியாமயே நான் எத்தனை நாள் தூங்குறது?"

எனக்குச் சுருக்கென்று வரும். "போங்கப்பா, வாசிச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்பேன்.

ஜூலையில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிய அப்பா வாசலில் சைக்கிளைப் பிடித்தபடியே சாய்ந்தார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்காமலே போய்விட்டார்.

அண்ணன் ஓடி வந்து கொள்ளி வைத்தான். கிளேபாங்கிலிருந்து வந்த அத்தை, அப்பாவின் அக்காள், அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். ரேடியோவின் மேல் துணி போர்த்தியாயிற்று. கருமாதி வரை வீட்டில் ஒரு சத்தம் கேட்கக் கூடாது. அழலாம், அதுவும் துக்கம் விசாரிக்க ஆள் வரும்போது உரக்க அழ வேண்டும்.

எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சாமான் அறையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து கித்தாரை மடியில் வைத்துக்கொண்டேன். வலது கை கம்பியைத் தொடவே இல்லை. இடது கை மட்டும். சத்தம் இல்லாதபோது பாட்டு ஏது? எட்டுப் பாட்டும் எங்கோ போய்விட்டன, அந்த ஒரு பிடிதான் மிச்சம். சுலபமான பிடியிலிருந்து அதற்கு, அதிலிருந்து திரும்ப. விரல் எங்கே வளைகிறது, பின்னால் கட்டைவிரல் எங்கே முட்டுக்கொடுக்கிறது, அவ்வளவுதான் பார்த்தேன். கூடத்தில் ஒப்பாரி வைத்தார்கள். நானும் உள்ளே அழுதேன். அழுதாலும் விரல் நிற்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள், கொல்லைப்பக்கம் போய் மெதுவாக மீட்டினேன். ஆறு கம்பியும் ஒலித்தன. ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து முடித்தேன். மற்றவையும் அந்தப் பிடியைச் சுற்றித்தான் என்று அப்போதுதான் புரிந்தது. இவ்வளவுதானா என்றிருந்தது. கேட்க வேண்டியவர்தான் இல்லை.

அத்தை கேட்டுவிட்டாள்.

"சாவு வீட்டுப் பொண்ணு மேடை ஏறுறதா? ஊரு காறித் துப்பும். ஒரு வருசத்துக்கு ஒரு விசேசத்துக்கும் போகக் கூடாது."

"மெர்டேக்கா அடுத்த வருசமும் வருமா அத்த?"

"வாய மூடுடி!"

அம்மா முறத்தை இழுத்துப்போட்டு அரிசி புடைக்கத் தொடங்கினாள்.

எதிர்வீட்டு அக்கா வந்து, நாற்காலி காலியாகக் கிடக்கிறதே, என்ன செய்வது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அத்தை அண்ணனைக் காட்டினாள். "இவன் போகட்டும். இவன் கித்தாருதானே. ஆம்பளப் புள்ள, நாலு பேரோட கலந்தாத்தான் மனசு ஆறும்." கொள்ளி வைத்து மொட்டை போட்டவனுக்கு இல்லாத துக்கம் எனக்கு! வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

அண்ணனுக்கும் அதே இடத்தில் டொக். இரண்டு நாள் தடவிவிட்டு என்னிடம் வந்தான்.

"ஏய், அந்தப் பிடி உனக்கு மட்டும் எப்படி வருது? சொல்லிக் குடேன்."

மாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் இவன் சொதப்பினால் அந்த அக்காவுக்கல்லவா அவமானம்? அவர் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அரிசி மூட்டைமேல் அவனை உட்கார வைத்தேன். "வலது கைய எடு. பாட்ட மற. இத மட்டும் பாரு" என்றேன். எனக்கு அத்தனை நாள் பிடித்தது அவனுக்கு ஒரு வாரத்தில் வந்துவிட்டது.

மெர்டேக்கா அன்று மாலை மொட்டைத் தலையில் தொப்பி வைத்துக்கொண்டு போனான். அத்தையும் அவனுக்குத் துணையாகப் போனாள். நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்று கேட்டேன். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

அண்ணன் சிங்கப்பூருக்குப் புறப்பட்டபோது பெட்டியோடு கித்தாரையும் எடுத்தான். நான் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். அம்மா வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

"விடுடி. அவன் இப்பதான் வாசிக்க ஆரம்பிச்சிருக்கான். இனி உனக்கு எதுக்கு? நீதான் கத்துக்கிட்டியே."