பெட்டி ஒரு கம்பெனி, பெண் ஒரு கம்பெனி

திருச்சியிலிருந்து கொழும்புக்கு இப்போது இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு விமானம் விடுகின்றன. ஆள் பிடிக்க இரண்டுமே ஸ்ரீரங்கத்துக்கு வேன் அனுப்புகின்றன. சென்ற ஆவணியில் என் மகள் வைதேகி, கொழும்பில் இருக்கும் கணவரிடம் முதல்முறையாகக் கிளம்பினாள்.

எங்கள் வேன் வரும் நேரமோ ராகுகாலம். ஆகவே நல்ல வேளையிலேயே பயணம் தொடங்கியதாகக் கணக்காக இருக்கட்டும் என்று, பரஸ்தானமாகப் பெட்டியை மட்டும் முன்னால் அனுப்பிவிட நினைத்தேன். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

"கொழும்பு பிளேனுக்குத்தானே? பொண்ணு அடுத்த வேன்ல வருவா."

"கொழும்பேதான் மாமி. ஏத்துங்க!"

பிறகு எங்கள் வேனில் போய் இறங்கினால், விமான நிலையத்தில் பெட்டியைக் காணோம். பாஸ்போர்ட் அதற்குள் இருந்தது.

"அது அவங்க வேன். அவங்க பிளேன் கிளம்பப்போகுதே!" என்று சிரித்தார் எங்கள் கம்பெனிக்காரர். வைதேகி அழுதேவிட்டாள். நான் பதறிக்கொண்டு அடுத்த கவுண்டருக்கு ஓடினேன். நல்லவேளை, ஆள் வராததால் பெட்டியை ஏற்றவில்லை.

"பெட்டி இருக்கு, ஆள் எங்கேன்னு தேடிக்கிட்டிருந்தோம். அடுத்த தடவை எங்க பிளேன்லயே வாங்க மாமி!" என்றார் அங்கிருந்தவர். பெட்டியை நான் கையில் வாங்கக்கூட இல்லை, அதற்குள் வியாபாரம்!

தையில் அவள் மறுபடி கிளம்பியபோது பரஸ்தானத்துக்கு ஒரு புடவையை மட்டும் எதிர்வீட்டில் வைத்தேன். பாஸ்போர்ட்டை அவள் கையிலேயே கொடுத்தேன். வாசலில் இரண்டு வேன்களும் வந்து ஹாரன் அடித்தன. இரண்டையும் போகச் சொல்லிவிட்டு டாக்ஸி பிடித்தேன்.