கள்ளி எந்தப் பக்கம் சாயும்

குன்னத்துகாலில் எங்கள் வீட்டுக்குள் ஓர் இலைக்கள்ளி மரம் வளர்ந்தது. மரம்தான், ஆனால் உயரம் ஒரு சாண். கோயிலுக்குப் போன இடத்தில், பாறை இடுக்கில் அது நிற்பதைக் கண்டேன். அடிமூடு தடித்து, உச்சியில் நாலைந்து இலை. ஒரு பிடி மண்கூட இல்லாத இடத்தில் பகவான் இதை எப்படிக் காப்பாற்றினார் என்று நினைத்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பூசாரியிடம் கேட்டேன்.

"கொண்டு போ மக்கா. முள்ளுக்கு ஆரும் சண்டைக்கு வரமாட்டா," என்றார்.

இப்போது இதைப் போன்சாய் என்கிறார்கள். அன்று எனக்குப் பெயரெல்லாம் தெரியாது. அகலமான மண்சட்டியின் அடியில் ஓட்டை போட்டு, ஆற்றுமணலும் ஓட்டுத்துண்டும் கலந்து நட்டேன். உச்சி நீண்டால் வெட்டிவிட்டு, பால் வடியும் இடத்தில் அடுப்புச் சாம்பல் அப்புவேன். மண் நன்றாகக் காய்ந்தால்தான் தண்ணீர். விளக்கு வைக்கும் அறையில், கிழக்குச் சன்னலோரம், சாமிக்கு முன்னால் வைத்தேன். பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம் தாங்காது.

என் வீட்டுக்காரரைப் பெற்ற மாமிக்குப் பிடிக்கவில்லை.

"பாலுள்ள மரத்த வீட்டுக்குள்ள வைக்கப்படாது. செரி, ஆசப்பட்டுட்ட, கெடக்கட்டு. ஆனா சன்னலப் பாத்துச் சாஞ்சா வீட்டு ஐசுவரியம் வெளிய போவும். சிவராத்திரிக்கு வந்து பாப்பேன். சாஞ்சு நின்னா வேலிக்குத்தான்."

வெளிச்சத்தைத் தேடாத செடி உண்டா? ஒரு மாதத்தில் அது சன்னல் பக்கம் சாயத் தொடங்கியது. சாமிக்கு முன்னால் வைத்த பொருளை நகர்த்தக்கூடாது என்பது என் நம்பிக்கை. அதனால் சட்டியைத் தொடாமல், தினமும் ஒரு திரி கூடுதலாகப் போட்டு அழுதேன்.

எங்கள் எல்லைத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று எங்கு பார்த்தாலும் ஊர்வலமும் கூட்டமுமாக இருந்த காலம் அது. என் வீட்டுக்காரருக்கு மார்த்தாண்டம் சந்தையில் வாழைக்குலை வியாபாரம். அவருக்குத் தமிழ்நாடு வேண்டும். கொழுந்தனுக்குத் திருவனந்தபுரத்தில் துணிக்கடை வேலை. அவனுக்கு மேற்கே திருவனந்தபுரத்தோடேயே இருக்கவேண்டும். கஞ்சி குடிக்க உட்கார்ந்தால் எல்லைப் பேச்சுத்தான்.

ஒருநாள் வீட்டுக்காரர் கள்ளியைக் கண்டுவிட்டார்.

"எலே, இத வந்து பாரு. கள்ளியே கெழக்க சாயுது. நாம தமிழ்நாடாக்கும்!"

"அது வெளிச்சத்துக்குச் சாயுது அண்ணே."

"பின்ன? வெளிச்சம் எங்க உண்டோ அங்கதானே போவணும்!"

கொழுந்தன் முகம் சிவந்துவிட்டது.

கொஞ்ச நாளில் அதிசயம் நடந்தது. சாய்வு குறைந்தது. சாமி கேட்டுவிட்டார் என்று நான் அடுக்களைக்கும் விளக்குக்குமாக ஓடி ஓடிக் கும்பிட்டேன். பிறகு ஒரு காலையில் பூவோடு உள்ளே நுழைந்தால், கொழுந்தன் குனிந்து சட்டியை மேற்கே திருப்பிக்கொண்டிருக்கிறான்.

"மைனி, அம்மைட்ட சொல்லிராதிய. அண்ணன் அந்திக்கு வந்து கெழக்க திருப்பி வைக்காரு. ஒரு கள்ளியக்கூடச் சும்மா விடமாட்டாரு!"

நான் சிரித்த சிரிப்பில் பூவெல்லாம் தரையில். நான் தொடாததை இரண்டு பேரும் மாறி மாறித் தொட்டிருக்கிறார்கள். மரத்துக்கு இரண்டு பக்கமும் வெளிச்சம்! அவர்கள் சண்டையைக் கொண்டே பகவான் வேலை வாங்கியிருக்கிறார். நானும் சும்மா இருக்கவில்லை. "தம்பி சொல்லுது, மரம் மேக்க பாக்குதாம்," என்று வீட்டுக்காரரிடம் மெல்லப் போட்டுவைப்பேன். அன்று அந்திக்குச் சட்டி கட்டாயம் திரும்பிவிடும்.

சிவராத்திரி அன்று மாமி குளித்து ஈரத்தலையோடு வந்து, சட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"கெழக்க லேசா சாய்வு உண்டு அம்மா," என்றார் வீட்டுக்காரர்.

"இல்ல, மேக்கயாக்கும்," என்றான் கொழுந்தன்.

பாவிகளா, என் மரத்தை வேலிக்கு அனுப்பிவிடுவீர்களே என்று நான் பல்லைக் கடித்தேன். மாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒங்க ரெண்டு பேருக்கும் கண்ணு அவிஞ்சா போச்சு? குத்துவெளக்கு கணக்கா நிக்குது!" சந்தனம் எடுத்துச் சட்டியின் முன்விளிம்பில் ஒரு பொட்டு வைத்தார். "உள்ளயே இருக்கட்டு மக்கா."

நான் அடுக்களைக்கு ஓடி, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தேன், அழுதேன், சிவசிவா என்றேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், அந்தச் சந்தனப் பொட்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.